மூன்றாம் மாதிரிக் குரல்

ஜூன் 9

என் வாயாடித் தங்கச்சிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தானுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. மாத்திரை போடச் சொன்னால், "வலி எனக்கா உனக்கா?" என்று கேட்கிறார். மகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். சித்தி எப்போது வருவாள் என்று வாரத்துக்கு ஒரு தரமாவது கேட்கிறாள்.

நீ இதுவரை பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறாய். வேலையில் இருந்தேன் என்று பதில் அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன வேலை என்று நீ யோசித்திருப்பாய். உண்மையைச் சொன்னால் எனக்குக் குரல் சரியில்லை. பேசவே பிடிக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு நாம் எழுதிப் பேசிக்கொள்ளலாம். உனக்கு நேரம் இருக்காது என்று தெரியும், ஆனாலும் அக்கா கேட்டால் இரண்டு பக்கம் எழுதமாட்டாயா?

ஓட்டலில் ரிசப்ஷனில் ஒரு இடம் காலியாகிறது. வெளியாளை எடுக்காமல், ஏற்கெனவே இருப்பவர்களில் ஒருவரைப் போடலாம் என்று மேனேஜர் சொன்னார். நானும் பெயர் கொடுத்தேன். பன்னிரண்டு வருஷமாகப் படுக்கை விரித்தாயிற்று. உட்கார்ந்து பார்க்கும் வேலை எப்படி இருக்கும் என்று ஓர் ஆசை. பெயர் கொடுத்தவர்களுக்கு நான்கு வாரம் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். மூன்றாவது நாளோடு நான் நின்றுவிட்டேன்.

அதனால்தான் கேட்கிறேன். நீ இரண்டு வருஷமாக வகுப்பு எடுக்கிறாய், அங்கே என்னதான் சொல்லிக் கொடுக்கிறாய் என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. இந்தக் குறில் நெடில் சங்கதியை எப்படிப் புரியவைப்பாய்? தப்பாகச் சொல்கிறவர்களின் குரலைப் போட்டுக் காட்டுவீர்களாமே, அந்தக் குரலெல்லாம் எங்கே கிடைக்கும்? விவரமாக எழுது.

உன் அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அக்கா,

நீ சொன்னது சரிதான், அப்படியே பதறிப்போனேன். முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். குரல் சரியில்லை என்றால் டாக்டரிடம் போகவேண்டும், தபாலாபீஸுக்கு ஏன் போகிறாய்? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. வேலை செய்யும்போது அந்தத் தூசியில் மூக்கை மூடிக்கொள். அத்தானிடம், நான் வந்தால் மாத்திரையை என் கையாலேயே ஊட்டிவிடுவேன் என்று சொல்லி வை.

ரிசப்ஷன் வேலைக்கு நீ பெயர் கொடுத்திருக்கிறாய் என்றதும் எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. அப்புறம் ஏன் வகுப்பை விட்டாய்? கற்றுக்கொடுக்க வந்தவர் கடுகடுப்பான ஆளா? போய் ஒட்டிக்கொள் அக்கா. உன்னை விட்டால் அந்த ஓட்டலில் யாருக்கு அந்த நாற்காலி?

நீ கேட்டது என் பிழைப்பே ஆயிற்றே, விவரமாகவே எழுதுகிறேன். நம் எழுத்தில் குறிலா நெடிலா என்ற குழப்பமே வராது. கெ, கே என்று வந்தால் கொம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு சுழியானால் குறில், இரட்டைச் சுழியானால் நெடில். எழுத்தே கையைப் பிடித்து அழைத்துப் போய்விடும். இங்கிலீஷ் அப்படி இல்லை. ஒரே மாதிரி இரண்டு வட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பான். ஸ்பூன் என்று வந்தால் நீட்டவேண்டும், புக் என்று வந்தால் நீட்டக்கூடாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. காதால்தான் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக் கேட்டுத்தான் வரும். சின்ன வயதில் கேட்டு வளராதவர்கள் படித்துக் கற்றுக்கொள்வார்கள். எழுத்தைப் பார்த்து நீட்டவேண்டாத இடத்தில் நீட்டிவிடுவார்கள்.

ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்ட் கொடுப்பேன். நெடில் வந்தால் இழுக்கவேண்டும், குறில் வந்தால் சும்மா பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் பெரியவர்களெல்லாம் வெட்கப்படுவார்கள். இரண்டாம் நாள் குழந்தைகள் மாதிரி இழுத்துப் பிடித்து அடுத்தவர் மேல் விட்டு விளையாடுவார்கள். நான் தயாரித்த இந்தப் பாடத்தைக் கம்பெனி இப்போது வெளியிலும் விற்கிறது அக்கா. பல ஊர்களில் ஓடுகிறதாம். ஓட்டல்காரர்கள்கூட வாங்குகிறார்கள். என் பெயர் அட்டையில் இல்லை, ஆனாலும் அது என் பாடம்தான்.

மாதிரிக் குரலெல்லாம் அங்கங்கே சேர்ப்பதுதான். அது ஒரு விஷயமே இல்லை.

நீ எந்த இடத்தில் தடுமாறினாய் என்று எழுது, நான் சொல்லித் தருகிறேன்.

அன்புத் தங்கை

*

ஜூன் 25

தங்கச்சிக்கு,

எந்த இடத்தில் தடுமாறினேன் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

வகுப்பு ஓட்டலின் சாப்பாட்டு அறையில் நடந்தது. காலையில் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு நாங்கள் உட்காருவோம். மொத்தம் ஏழு பேர். வாசல் காவலாளி, ரூம் சர்வீஸ் ஆட்கள் இரண்டு பேர், கணக்கெழுதும் அம்மாள், தோட்டக்காரர், சலவை அறைக்காரி, நான். சொல்லிக்கொடுக்க வந்தது கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். நல்ல மாதிரி. எங்களை வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டாள். ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்ட் கொடுத்தாள். எனக்குப் பச்சை.

மூன்றாவது நாள், "இப்ப சில பேர் பேசறதக் கேப்போம். எங்க எங்க தப்பு வருதுன்னு எண்ணிக்கிட்டே வாங்க" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை மேஜை நடுவில் வைத்தாள். முதல் மாதிரிக் குரல் யாரோ ஓர் ஆண். இரண்டாவதும் ஆண். அவர்களுக்கு நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அப்படித்தானே வரும். மூன்றாவது குரல் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அந்த மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாற்பது வார்த்தை. நான் துணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணை அடுக்குக்கு நடுவில் நின்று, உனக்காகப் படித்த நாற்பது வார்த்தை. "பரீட்சைக்கு வேணும்க்கா, நிறுத்தி நிதானமா படி" என்று சொன்னாயே. நிறுத்தி நிதானமாகத்தான் படித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆய்வாளர் வந்தால் பிள்ளைகள் எழுந்து நின்று படிப்பார்கள் பார், அப்படி. கம்பளிக்கு உள்ள இங்கிலீஷ் வார்த்தையை நீட்டினேன். இறகுத் தலையணைக்கு உள்ள வார்த்தையை நீட்டினேன். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அந்தக் குரல் அவ்வளவு நம்பிக்கையோடு தப்புச் செய்துகொண்டே போனது, யாராக இருந்தாலும் சிரிப்பு வந்திருக்கும். கடைசியில் நான் உன்னைக் கேட்டேன் பார், "சரியா வந்துச்சாடி?" என்று. அதைக்கூட நீ வெட்டவில்லை. அதற்குத்தான் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். தோட்டக்காரருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

நானும் சிரித்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, அத்தானிடம்கூட. சத்தமாகச் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நான் கொஞ்ச நேரம் சிரித்தேன், என் மேல் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று.

அந்தப் பெண் ஒவ்வொருவராக எத்தனை தப்பு என்று கேட்டாள். என் முறை வந்தது. எனக்கு எது தப்பு என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த காவலாளி பதினாலு என்று சொல்லியிருந்தார், நானும் பதினாலு என்றேன். "கரெக்ட்" என்றாள்.

வெளியே வரும்போது சலவை அறைக்காரி, "அக்கா, அந்த மூணாவது குரல் உங்க குரலு மாதிரியே இல்ல?" என்றாள். "போடி, அந்தப் பொம்பளைக்கு மூக்கடைப்பு. எனக்கா அப்படி இருக்கு?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். என் குரலையே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

நீ என்னைப் போட்டுக் காட்டியதுகூட எனக்குப் பெரிதில்லை. அன்றைக்கு நான் கேட்டதற்கு நீ என்ன பதில் அனுப்பினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "சூப்பர்க்கா, ஒரு தப்புகூட இல்ல" என்று அனுப்பினாய். அதை நம்பி இரண்டு வருஷமாக விருந்தாளிகளிடம் வாய் கூசாமல் பேசிக்கொண்டிருந்தேன். அதை நம்பித்தான் ரிசப்ஷனுக்குப் பெயர் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் ரப்பர் பேண்ட் கொடுக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தர உனக்கு மனசு வரவில்லையா?

அக்கா

*

ஜூலை 3

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். என்ன எழுதினாலும் அது சாக்குச் சொல்வது மாதிரியே வருகிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நான் ட்ரெயினர் பரீட்சை எழுதியபோது ஒரு ஆளின் பேச்சைப் பதிவுசெய்து அதில் உள்ள தவறுகளைக் குறித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. அதற்குத்தான் உன்னைப் படிக்கச் சொன்னேன். அது பொய் இல்லை. வார்த்தைகளை உன் ஓட்டலிலிருந்தே பொறுக்கிப் போட்டேன், உனக்குப் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று. பரீட்சையில் அதற்கு நல்ல மதிப்பெண். பார்த்தவர், "இவ்வளவு தெளிவான சாம்பிள் எங்கம்மா பிடிச்சீங்க?" என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னை நினைத்து இல்லை, என்னை நினைத்து.

அப்புறம் பாடம் தயாரிக்கச் சொன்னபோது அதையே எடுத்துப் போட்டேன். வகுப்பில் முதல் தடவை போட்டபோது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்ததும் வகுப்பு கலகலப்பாகிவிட்டது, அதுவரை வாயைத் திறக்காதவர்கள்கூடப் பேச ஆரம்பித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. இரண்டாம் தடவை உறுத்தவில்லை. "யார் மேடம் இது?" என்று ஒருத்தி கேட்டாள். "யாரோ ஒரு ஹவுஸ்கீப்பிங் அம்மா" என்று சொன்னேன்.

இத்தோடு நிறுத்திவிடலாம். ஆனால் நீ கேட்காத ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை. போன வருஷம் உன்னை மறுபடியும் ஒரு தரம் படிக்கச் சொன்னேனே. முதல் பதிவு அழிந்துவிட்டது என்று சொன்னேன். அழியவில்லை. அதில் மின்விசிறிச் சத்தம் இருந்தது, விற்பதற்குச் சுத்தமான பதிவு வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். நீ விசிறியை நிறுத்திவிட்டு, அந்தக் காற்றில்லாத அறையில் நின்று எல்லாவற்றையும் மறுபடி படித்தாய். "வேர்த்து ஊத்துதுடி" என்று சிரித்தாய். அன்றைக்கும் கடைசியில், "சரியா வந்துச்சாடி?" என்று கேட்டாய். நீ வகுப்பில் கேட்டது இந்த இரண்டாவது பதிவுதான். நீ இடையில் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டிருப்பாயோ என்று எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. கற்றுக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. உன்னை நான் ஏன் திருத்தவில்லை என்று கேட்டாயே, இதுதான் பதில். அக்காவைத் திருத்த வெட்கமாக இருந்தது என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். இப்படி ஒருத்தி எனக்குத் தங்கையாக இருந்தால் நான் அவள் முகத்தில் விழிக்கமாட்டேன். உன் காலில் விழுகிறேன் அக்கா. திட்டியாவது எழுது.

தங்கை

*

ஜூலை 15

தங்கச்சிக்கு,

திட்ட வரவில்லை. திட்டினால் உனக்குப் பாரம் இறங்கிவிடும், எனக்கு என்ன இறங்கும்?

நேற்று ரிசப்ஷனுக்கு இன்டர்வியூ. வகுப்பை விட்டவள் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். மேனேஜரே கூப்பிட்டு, "நீங்க வராம எப்படிம்மா? உங்களுக்குத் தெரியாத அறையா?" என்றார். போனேன். நாற்காலியில் உட்காரவைத்து, எதிரில் விருந்தாளி மாதிரி ஒருவரை நிற்கவைத்தார்கள். அவர் அறை வேண்டும் என்றார். நான் அவரிடம் என்ன அறை, எத்தனை நாள், எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். நூறு தடவை மாடியில் நின்று பேசிய பேச்சுத்தான்.

வாயைத் திறந்தேன். முதல் வார்த்தைக்கு முன்னால் நின்றுவிட்டேன். இது நீளுமா நீளாதா? ஒரு வழியாகச் சொன்னேன். அடுத்த வார்த்தை. மறுபடி நின்றேன். அதுவரை எப்போதும் பேசிய வார்த்தைகள்தான், ஒவ்வொன்றும் வாசலில் என்னை நிறுத்தி நீ யார் என்று கேட்கிறது. எதிரில் நின்றவர் பொறுமையாகத்தான் இருந்தார். நான் பாதி வாக்கியத்தில் தமிழுக்கு வந்து, "மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மேனேஜர் வெளியே வந்து, "என்னாச்சும்மா? நல்லாத்தானே பேசிட்டிருந்தீங்க இத்தன நாளா?" என்றார். அந்த இடத்துக்குக் கணக்கெழுதும் அம்மாளைப் போட்டுவிட்டார்கள்.

தப்புத் தப்பாகப் பேசியபோது நான் பேசினேன். நான் சொன்னது எல்லோருக்கும் புரிந்தது, அவர்கள் சொன்னது எனக்குப் புரிந்தது. இப்போது மாடியில் விருந்தாளி எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன். வீட்டில் மகள் இங்கிலீஷ் பாடம் கேட்டால், அப்பாவைக் கேள் என்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். அதுதான் தாங்கவில்லை.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. என்ன நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

அக்கா

*

ஜூலை 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். எதையாவது செய்யாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் முப்பத்தாறு பேர். மாதிரிக் குரல்கள் போடும் நாள். ஒன்றையும் இரண்டையும் போட்டேன். மூன்றாவதைப் போட்டேன். வழக்கம்போலச் சிரித்தார்கள். முடிந்ததும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, "இது என் அக்கா" என்று சொன்னேன். நீ பத்தாவதோடு படிப்பை விட்டது, நான் மேலே படித்தது, ஓட்டலில் போர்டையும் பெட்டி மேல் ஒட்டிய சீட்டையும் பார்த்து நீயாகவே இங்கிலீஷ் கற்றுக்கொண்டது, உன்னை நான் ஏமாற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். உன் இன்டர்வியூவையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் அழுதார்கள். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் அக்கா. ஒருத்தர் வந்து, "உங்க அக்காவுக்கு எங்க வணக்கத்தச் சொல்லுங்க மேடம்" என்றார்.

கம்பெனியிலும் பேசிவிட்டேன். உன் குரலை எல்லாப் பாடத்திலிருந்தும் எடுத்துவிட ஒத்துக்கொண்டார்கள். எனக்கு முதல் தடவையாக மூச்சு விட முடிகிற மாதிரி இருக்கிறது.

இனி தினமும் ஒரு மணி நேரம் உனக்கு நான் சொல்லித் தருகிறேன். போனை மட்டும் எடு. ஆறே மாதத்தில் அந்தக் கணக்கம்மாவை எழுப்பிவிட்டு உன்னை உட்காரவைக்கிறேன், பார்.

என்றும் உன் தங்கை

*

ஆகஸ்ட் 6

தங்கச்சிக்கு,

குரலை எடுத்துவிட்டதற்குச் சந்தோஷம்.

எழுந்து நின்று கைதட்டினார்களாம். யாருக்கு? நீ அழுதாய், அவர்கள் அழுதார்கள், உனக்கு மூச்சு வந்தது. நல்லது. ஆனால் கடைசியாக ஒரு தரம் என்னைப் போட்டுச் சிரிக்கவைத்துவிட்டுத்தானே அதைச் சொன்னாய்? முதலில் யாரோ ஒரு அம்மா என்று சொல்லிச் சிரிக்கவைத்தாய், இப்போது உன் அக்கா என்று சொல்லி அழவைத்திருக்கிறாய். நான் படிப்பை விட்டது உனக்குப் பாடம், நான் இன்டர்வியூவில் எழுந்து வந்தது உனக்குப் பாடம். அந்த இன்டர்வியூவை நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன். என் வீட்டுக்காரருக்கே முழுசாகத் தெரியாது. முப்பத்தாறு பேருக்குத் தெரியும். அன்றைக்கும் என்னைக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. உனக்கு என்னைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே தோன்றாதா?

உன் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தில் ஒரு நல்லது நடந்தது. என் கதையை யார் யாரோ சொல்கிறார்கள், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு அலைகிறேனே என்று இருந்தது. மதியம் நேராகச் சலவை அறைக்குப் போய், "அந்த மூணாவது குரல் என்னோடதுதான்டி" என்று சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "தெரியுங்கா" என்றாள். "தெரிஞ்சா ஏன்டி சிரிச்ச?" என்றேன். "நீங்க சிரிச்சீங்க. நான் மட்டும் சிரிக்காம இருந்தா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடாதா?" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் எனக்கு ஒரு துண்டை மடித்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் மதியத்தில் அரை மணி நேரம் படிக்கிறோம். அவள் வகுப்பை முழுக்க முடித்தவள். அவளுக்குப் பாதி தெரியும், எனக்குப் பாதி தெரியும், இரண்டு பேருக்கும் தெரியாததை என் மகளிடம் எழுதிக்கொண்டு போய்க் கேட்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது, சொல்லிக்கொடு என்று கேட்பது முதல் நாள் கூச்சமாக இருந்தது. அவள் குதித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தப்பு வந்தால் இரண்டு பேரும் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

உன்னிடம் கற்றுக்கொள்ள மாட்டேன். வீம்பு இல்லை. உன் முன்னால் வாயைத் திறந்தால், இதை எங்கே கொண்டுபோய்ப் போடப் போகிறாளோ என்று ஒரு காது கேட்டுக்கொண்டே இருக்கும். போன் பண்ணாதே. எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது நானே பண்ணுகிறேன். தோன்றாமலும் போகலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

நவம்பர் 20

அன்புள்ள அக்கா,

செப்டம்பரில் ஒன்றும் அக்டோபரில் ஒன்றும் எழுதினேன். பதில் இல்லை. நீ கேட்டுக்கொண்டபடி போன் பண்ணாமல்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை வரை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஓட்டல் நம்பருக்குப் பண்ணினேன். உன்னைக் கூப்பிடச் சொல்ல இல்லை. ரிசப்ஷனில் இருக்கும் கணக்கம்மாவிடம், நீ நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். ஒரு பெண் ஓட்டல் பெயரைச் சொல்லி, வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள். எங்கும் நிற்கவில்லை. கடகடவென்று ஓடுகிற பேச்சு. அதில் ஒரு வார்த்தையை நீட்டியிருக்க வேண்டும், நீட்டவில்லை. என் காது அதைக் குறித்துக்கொண்டது. குறித்துக்கொண்ட பிறகுதான் அது நீ என்று தெரிந்தது.

இந்த வரிசையை நான் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. முதலில் தப்பு, அப்புறம்தான் அக்கா. ஐந்து மாதமாக அழுது, வருந்தி, உன் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகும் என் காது அப்படித்தான் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கே என்மேல் கூசுகிறது.

அந்த இடம் உனக்கு எப்படிக் கிடைத்தது, கணக்கம்மா எங்கே போனார், எத்தனை நாளாக அங்கே உட்கார்ந்திருக்கிறாய், எதுவும் எனக்குத் தெரியாது. என்னிடம் நீ சொல்லவில்லை. சொல்லாததை நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை.

நான் ஒன்றும் பேசாததால், "ஹலோ" என்றாய். அப்புறம் தமிழில், "யாருங்க? யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டாய். எத்தனை மரியாதையாகக் கேட்டாய் அக்கா. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உன்னைக் கேட்காமல் இனி உன்னிடம் எதையும் எடுக்கக் கூடாது என்று இருந்தேன், இப்போதும் உன்னைக் கேட்காமல்தானே உன் குரலை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. நீ இன்னொரு தரம், "யாரு வேணும்?" என்றாய். வைத்துவிட்டேன்.

அது நான்தான்.

தங்கை